720720ஐ பிரிச்சு மேயலாம் வாங்க

போன வாரம் பட்டர்வொர்த்ல அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மக இப்பதான் படிவம் ஒன்னு, "மாமா, நம்பர் பெருசா இருந்தாலே எனக்குப் பயமா இருக்கு"ன்னு நோட்ட தள்ளி வச்சுட்டா. சரின்னு கிழிச்ச காலண்டர் தாளோட பின்பக்கத்துல 720720ன்னு எழுதிக் குடுத்தேன். நீங்களும் ஒரு தாள் எடுத்துக்கோங்க.

முதல்ல வகுக்கப் போகாதீங்க, சும்மா பாருங்க. 720 ரெண்டு தடவ வருதுல்ல? எந்த மூணு இலக்க நம்பரயும் இப்படி ஒட்டி ரெண்டு தடவ எழுதுனா அத 1001ஆல பெருக்குன மாதிரிதான், ஏன்னா இது 720000 கூட ஒரு 720. அந்த 1001 என்னன்னா 7 × 11 × 13. நம்பலன்னா கால்குலேட்டர்ல 720720ஐ 13ஆல வகுங்க, 55440 வரும், அத 11ஆல வகுத்தா 5040, அத 7ஆல வகுத்தா திரும்ப 720 வந்து நிக்கும். பிள்ள இந்த இடத்துலதான் நிமிர்ந்து உக்காந்தா, அவளாவே 358358, 914914ன்னு போட்டுப் பாக்க ஆரம்பிச்சுட்டா.

அடுத்து மிச்சம் இருக்குற 720. முடிஞ்ச வரைக்கும் 2ஆல வகுங்க: 360, 180, 90, 45. நாலு தடவ ஆச்சு. 45ன்னா 3 × 3 × 5. எல்லாத்தையும் சேத்தா:

720720 = 2⁴ × 3² × 5 × 7 × 11 × 13

இது இந்த நம்பரோட ஐசி (அடையாள அட்டை) மாதிரி, வேற எந்த நம்பருக்கும் இதே பகா எண் (2, 3, 5 மாதிரி அதுக்கு மேல பிரிக்க முடியாத நம்பர்) கூட்டு வராது. 5 ஒன்னே ஒன்னுதான் இருக்கு, அதனாலதான் கடைசியில சைபரும் ஒன்னுதான்.

இப்ப இதுக்கு எத்தன காரணி, அதாவது இத மீதியில்லாம வகுக்குற நம்பர் எத்தன? எழுதி எண்ணாதீங்க. நாசி கண்டார் கடையில நிக்கிறதா நெனச்சுக்கோங்க, தட்டுல நாலு முட்ட வரைக்கும் வைக்கலாம், வேணாம்னும் சொல்லலாம், அப்ப முட்டைக்கு மட்டும் அஞ்சு வழி. அதே மாதிரி 2க்கு அஞ்சு வழி, 3க்கு மூணு, 5, 7, 11, 13க்கு ஆளுக்கு ரெண்டு. பெருக்குங்க: 5 × 3 × 2 × 2 × 2 × 2 = 240. நெறைய பேர் "வேணாம்"ங்கற வழிய விட்டுட்டு 4 × 2ன்னு ஆரம்பிச்சு 8ல போய் நிக்கிறாங்க, இத மட்டும் கவனமா பாருங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்சது இனிமேதான். 1லருந்து 16 வரைக்கும் எந்த நம்பராலயும் இது மீதியில்லாம வகுபடும், அப்படி வகுபடுற நம்பர்லயே ஆகச் சின்னது இதுதான். ஏன்னு ஐசிய பாத்தே சொல்லலாம்: 16க்கு நாலு 2 கட்டாயம் வேணும், 9க்கு ரெண்டு 3 வேணும், 5, 7, 11, 13 ஒவ்வொன்னும் தனியா வேணும். ஒன்ன எடுத்தாலும் ஏதோ ஒரு நம்பர் வகுபடாம போயிடும். 12, 14, 15க்கெல்லாம் புதுசா எதுவும் சேக்க வேணாம், உள்ளயே இருக்கு.

17 உள்ள இல்ல, அதால வகுத்தா மீதி 5. சரி, ஒரு 17ஐ சேத்துப் பெருக்குவோம்: 12252240. இப்ப 17 மட்டுமில்ல, 18ம் கூடவே வகுபடுது. 18க்கு தனியா எதுவும் சேக்கலயே, எப்படின்னு கேட்டேன். ஐசிய ஒரு தடவ பாத்துட்டு ஒரு 2யயும் ரெண்டு 3யயும் சேத்து பென்சில்ல வட்டம் போட்டுக் காட்டுனா.