உறுதிப்பூசுதலுக்கு முந்தைய தியானம்: எங்கே சொதப்புகிறோம்?

உறுதிப்பூசுதல் என்பது திருமுழுக்குப் பெற்ற கத்தோலிக்கப் பிள்ளைகளுக்குப் பொதுவாக ஆயர் (மறைமாவட்டத் தலைவர்) வந்து தரும் அருளடையாளம். அதற்கு முன் செபத்துக்கும் சிந்தனைக்கும் பிள்ளைகளுக்கு ஒதுக்கும் நாள்தான் தியானம். ஆயர் வரும் தேதி முடிவானதும் பங்கில் (ஊர்க் கோவில் சமூகத்தில்) வேலைகள் வரிசைகட்டி நிற்கும். பந்தல், பாடற்குழு, பிள்ளைகளுக்கு ஒரே நிறத்தில் உடை, ஆயருக்கு வரவேற்பு, மதியச் சாப்பாடு. எல்லாம் பேசி முடித்துக் கூட்டம் கலையும் நேரத்தில் யாருக்காவது ஞாபகம் வரும்: "ஃபாதர், பிள்ளைகளுக்கு ஒரு தியானம் வைக்கணுமே?" "முந்தின நாள் சனிக்கிழமைதானே, அன்னைக்கே வச்சிடலாம்." திட்டமிடல் அத்தோடு முடிந்துவிடும்.

அந்தச் சனிக்கிழமை எப்படிப் போகும் என்பது மறைக்கல்வி ஆசிரியர்களுக்குத் தெரியும். முதல் உரை தொடங்கிப் பத்து நிமிடம் ஆகியிருக்காது. திருமுழுக்குச் சான்றிதழ் தராதவர்களை அலுவலகத்தில் கூப்பிடுகிறார்கள் என்று ஒருவர் வாசலில் வந்து நிற்பார். நான்கு பேர் எழுந்து போவார்கள். தையல்கடையில் உடையை அளவு பார்க்க ஒருத்தியை அவள் அம்மா வந்து கூட்டிப்போவார். பங்குத் திருவிழாவோடு சேர்த்து வைத்திருந்தால் கேட்கவே வேண்டாம். வெளியே மைக்செட்காரர் "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்பார், உள்ளே மௌன செபம் நடக்கும். மூன்று மணிக்கு மேல் ஒத்திகை. இதற்குத் தியானம் என்று பெயர் வைப்பது கொஞ்சம் அதிகம்தான்.

தியானத்தை இரண்டு மூன்று வாரம் முன்னதாக வையுங்கள். ஒத்திகைக்கு வேறொரு மாலை போதும். தேதி குறிக்கும் முன் பள்ளித் தேர்வு அட்டவணையைப் பாருங்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குச் சனிக்கிழமை என்றால் டியூஷன் நாள் என்பதையும் மறக்க வேண்டாம். ஒரு மாதம் முன்பே சொன்னால் பெற்றோர் ஒதுக்கித் தருவார்கள், முந்தின வாரம் சொன்னால் முணுமுணுப்பார்கள். இடமும் முடிந்தவரை சொந்தக் கோவில் வளாகமாக இல்லாமல் இருப்பது நல்லது. தியான இல்லம் கிடைக்காவிட்டால் பக்கத்துப் பங்கின் பள்ளிக்கூடம் போதும்.

தாள் வேலைகளைத் தியானத்துக்கு முன்பே முடித்துவிட வேண்டும். வேறு ஊரில் திருமுழுக்குப் பெற்ற பிள்ளைக்குச் சான்றிதழ் வரவே சில வாரங்கள் ஆகலாம். உறுதிப்பூசுதல் விவரத்தை அந்தத் திருமுழுக்குப் பதிவேட்டிலும் குறிக்க வேண்டும் என்பதால் அது சும்மா சம்பிரதாயத்துக்குக் கேட்கும் தாள் இல்லை. பிள்ளைக்குத் துணையாக நிற்கும் ஞானத்தாய், ஞானத்தந்தை விஷயமும் அப்படித்தான். பொதுவாகப் பதினாறு வயது நிரம்பியிருக்க வேண்டும், அவரே உறுதிப்பூசுதல் பெற்றிருக்க வேண்டும், பெற்ற தாயோ தகப்பனோ நிற்கக் கூடாது. திருமுழுக்கின்போது நின்றவரே இப்போதும் நிற்பதுதான் விரும்பத்தக்கது என்று திருச்சபைச் சட்டம் சொல்கிறது. இதை முதல் பெற்றோர் கூட்டத்திலேயே சொல்லிவிட்டால், கடைசி நாளில் பத்தாம் வகுப்பு அத்தை மகளைக் கொண்டுவந்து நிறுத்த மாட்டார்கள்.

நிரப்பித் தள்ளுவது

எனக்குத் தெரிந்து மற்ற பாதித் தவறுகளுக்குக் காரணம் இதுதான்: நேரஅட்டவணையில் காலியிடம் தெரிந்தால் நமக்குப் பயம். சும்மா விட்டால் பையன்கள் அரட்டை அடிப்பார்கள், பிள்ளைகள் தூங்கும், பெற்றோர் கேட்டால் என்ன சொல்வது? அதனால் ஒன்பதரைக்கு ஒரு ஃபாதர், பதினொன்றுக்கு ஒரு சிஸ்டர், பன்னிரண்டுக்கு வேறொரு பங்கிலிருந்து ஒரு பேச்சாளர் என்று அடுக்கிவிடுகிறோம். மதியம் பிரியாணி. இரண்டு மணிக்கு, வயிறு நிறைந்து கண் சொருகும் நேரத்தில், "தூய ஆவியாரின் வல்லமை" என்று ஒன்றரை மணி நேர உரை. பேசுகிறவர் மேல் குற்றமில்லை; அந்த நேரத்தில் யார் பேசினாலும் பாதிப் பேர் தலை தொங்கத்தான் செய்யும். பிரியாணிதான் வேண்டுமென்றால் கடைசியில் போடுங்கள். மதியம் லேசான சாப்பாடு, அதன்பின் எழுந்து நடமாடுகிற மாதிரி ஏதாவது.

திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் 1922-ல் தியானங்களுக்குப் பாதுகாவலராக அறிவித்தது புனித லொயோலா இஞ்ஞாசியாரை. அவருடைய 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலின் தொடக்கக் குறிப்புகளைத் தியானம் நடத்துகிறவர்கள் ஒருமுறையாவது படிக்க வேண்டும். நிறைய அறிவதில் ஆன்மா நிறைவடையாது, உள்ளூர உணர்ந்து சுவைப்பதில்தான் நிறைவடையும் என்கிறார். பயிற்சி பெறுகிறவரின் வயது, படிப்பு, திறமைக்கு ஏற்றபடி பயிற்சியை மாற்றிக்கொள்ளச் சொல்கிறார். பதினான்கு வயதுக்காரரிடம் ஒரே நாளில் ஐந்து உரைகளைக் கொட்டினால் இரண்டையும் மீறியாயிற்று.

இருபது நிமிடம் பேசுங்கள். அப்புறம் முப்பது நிமிடம் தனியாக விடுங்கள். மரத்தடி, வராந்தா, கோவிலின் பின்வரிசை, எங்கே வேண்டுமானாலும் உட்காரட்டும். கையில் ஒரு நோட்டு, ஒரே ஒரு கேள்வி. "தூய ஆவியார் உன் வாழ்வில் எவ்வாறு செயல்படுகிறார்?" என்று கேட்டால் மறைக்கல்விப் புத்தகத்தில் இருப்பதையே எழுதித் தருவார்கள். "சரி என்று தெரிந்தும் இந்த வருடம் செய்யப் பயந்த காரியம் எது?", "வீட்டில் இப்போது யாரோடு பேசாமல் இருக்கிறாய்?" என்று கேட்டுப் பாருங்கள், பேனா மெதுவாகத்தான் நகரும். எழுதியதை யாரும் வாங்கிப் படிக்க மாட்டோம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும், சொன்னபடி நடக்கவும் வேண்டும். பத்து நிமிடம் கழித்து "யாராவது எழுந்து வாசியுங்க பார்ப்போம்" என்றால் அடுத்த கேள்விக்கு எவரும் உண்மை எழுத மாட்டார்கள்.

நிரப்புவதற்கு இன்னொரு காரணம், ஆயர் மறையுரையில் கேள்வி கேட்பாரே என்ற பயம். பிள்ளைகள் முழிச்சால் பங்குக்கே அவமானம் என்று தியான நாளைக் கேள்வி-பதில் மனப்பாடமாக மாற்றுகிறார்கள். மனப்பாடத்துக்கு ஞாயிறு வகுப்புகள் இருக்கின்றன. அதில் ஒரு வேடிக்கை: தூய ஆவியாரின் கொடைகள் ஏழு என்று ஒப்பிக்க வைத்துவிட்டு விவிலியத்தில் எசாயா 11:2-ஐத் திறக்கச் சொல்வார்கள், கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று எண்ணிப் பார்த்து "ஆறுதானே இருக்கு சிஸ்டர்" என்னும். எபிரேய மூலத்தின்படி அந்த வசனத்தில் ஆறுதான். பழைய கிரேக்க, இலத்தீன் விவிலியங்களில் பக்தியும் சேர்ந்து ஏழாகிறது. மரபு அங்கிருந்து வந்தது. இதைத் தெரிந்து வைத்துக்கொண்டால் அந்தப் பிள்ளையை அதட்ட வேண்டியிருக்காது. "ஆயர் கன்னத்தில் அறைவாராமே?" என்ற கேள்வியும் நிச்சயம் வரும். பாட்டிமார் சொன்ன கதை பொய்யில்லை. பழைய சடங்கில் கன்னத்தில் மெல்லத் தட்டும் வழக்கம் உண்டு. திருத்தந்தை ஆறாம் பவுல் காலத்தில், 1971-ல் திருத்தப்பட்ட சடங்கில் அது இல்லை.

அழ வைப்பது

பெரியவர்களுக்கான எழுப்புதல் கூட்டத்தை அப்படியே பிள்ளைகளுக்கு நடத்துவது இப்போது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. விளக்கை அணைப்பது, கீபோர்டில் சோக இசை, "உன் அம்மா உனக்காக எவ்வளவு கஷ்டப்படுறாங்க தெரியுமா?" என்று மைக்கில் உருகுவது. ஒரு பிள்ளை அழத் தொடங்கினால் வரிசையே அழும். "தூய ஆவி இறங்கிட்டார்" என்று நடத்தியவர் திருப்தியோடு போவார். அந்த வயதில் அழுகை வர இவ்வளவு ஏற்பாடு தேவையில்லை. அழாமல் உட்கார்ந்திருக்கும் பையன் தனக்கு மட்டும் ஏதோ குறை என்று நினைத்துக்கொள்வான். நற்கருணை ஆராதனை வையுங்கள், பாடுங்கள், அதில் கண்ணீர் வந்தால் வரட்டும். ஆனால் அந்த நேரத்தில் படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவதை அடியோடு நிறுத்த வேண்டும்.

பெற்றோர் கடிதம் நல்ல யோசனைதான். பிள்ளைக்குத் தெரியாமல் வாங்கி, தியானத்தின்போது கையில் கொடுப்பது. ஆனால் நாற்பது பேரில் முப்பத்தேழு பேருக்குக் கடிதம் வந்து மூன்று பேர் வெறுங்கையோடு உட்கார்ந்தால், அந்த மூன்று பேருக்கு அன்றைய தினம் அத்தோடு முடிந்தது. பெயர்ப் பட்டியல் வைத்துக்கொண்டு எல்லாக் கடிதமும் வந்ததா என்று முந்தின நாளே சரிபாருங்கள். எழுதத் தெரியாத அம்மா சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். சவூதியில் இருக்கும் அப்பாவிடம் குரல் பதிவு வாங்கி எழுத்தாக்குங்கள். பெற்றோர் இல்லாத பிள்ளைக்கு மாமாவோ ஞானத்தாயோ எழுதட்டும். என்ன எழுதுவது என்றும் சொல்லிக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் "நல்லா படி, செல்போன் பார்க்காதே" என்று இரண்டு வரி வரும்.

பாவசங்கீர்த்தனக் கணக்கு

பாவங்களைக் குருவிடம் அறிக்கையிட அறுபது பிள்ளைகள், ஒரு குரு, ஆளுக்கு மூன்று நிமிடம் என்றாலே மூன்று மணி நேரம். இந்தச் சின்னக் கணக்கைப் போடாமல் நாலரை மணிக்கு வரிசையில் நிறுத்தி, ஐந்தரைக்கு "சீக்கிரம், சீக்கிரம்" என்று விரட்டுவார்கள். மறைவட்டத்திலிருந்து (பக்கத்துப் பங்குகளின் தொகுப்பு) இரண்டு மூன்று குருக்களை முன்கூட்டியே அழையுங்கள். தன் குரலைத் தெரிந்த பங்குத்தந்தையிடம் சொல்லக் கூச்சப்படும் பிள்ளை வெளியூர் ஃபாதரிடம் நிம்மதியாகச் சொல்லும். யாரிடம் போவது என்பது அவர்கள் உரிமை. புதுநன்மைக்கு (முதல் நற்கருணைக்கு) பிறகு பாவசங்கீர்த்தனமே செய்யாதவர்கள் சிலர் இருப்பார்கள். மனத்துயர் செபத்தை அச்சிட்டுக் கையில் கொடுத்துவிட்டால் அவர்களுடைய பாதிப் பயம் போய்விடும்.

பாதுகாப்பில் மட்டும் விட்டுக்கொடுக்க இடமில்லை. பெற்றோர் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதம், ஒவ்வொரு வீட்டின் தொலைபேசி எண், ஒவ்வாமை, மருந்து விவரம். பெண்பிள்ளைகள் இருந்தால் பெண் பொறுப்பாளர்கள், பூட்டக்கூடிய கழிவறை, கைவசம் நாப்கின். பெரியவர் ஒருவர் மூடிய அறையில் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது, அவர் யாராக இருந்தாலும். பாவசங்கீர்த்தனமும் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற, காதுக்குக் கேட்காத இடத்தில். குழுப் பேச்சில் ஒரு பிள்ளை தனக்கு நேர்ந்த பாலியல் கொடுமையைச் சொன்னால், "செபிப்போம்மா" என்று முடித்துக்கொள்ள முடியாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் தன்னார்வலர் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆறோ கடலோ பக்கத்தில் இருந்தால் குளிக்க விடாதீர்கள்.

கட்டணம் வாங்கினால் பிள்ளைகள் முன்னிலையில் வாங்காதீர்கள். முடியாதவர்கள் யார் என்பது அன்பியப் (பங்கின் சிறு குடும்பக் குழு) பொறுப்பாளருக்குத் தெரியும். அவர் மூலமாகச் சத்தமில்லாமல் முடித்துவிடலாம்.

"வராவிட்டால் கிடையாது"

இந்த மிரட்டல் எல்லாப் பங்கிலும் கேட்கும். தியானத்துக்கு வரச் சொல்லி வற்புறுத்துவது வேறு, வராததற்காக அருளடையாளத்தையே மறுப்பது வேறு. தகுந்த போதனை பெற்றிருக்க வேண்டும், தக்க மனநிலை இருக்க வேண்டும், திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பிக்க முடிய வேண்டும், இவைதான் சட்டம் கேட்பவை. காய்ச்சலில் படுத்த பிள்ளைக்கு இன்னொரு மாலை இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

இதற்கு நேர்மாறான பிள்ளையும் வரும். தியானத்தின் நடுவில் ஒருவன் வந்து, "எனக்கு இதில் இன்னும் நம்பிக்கை வரல, வீட்ல சொன்னாங்கன்னு வந்தேன்" என்பான். பதறி உடனே பெற்றோருக்குப் போன் போடுவதுதான் வழக்கம். அந்த நாளில் நடந்த ஒரே உண்மையான பேச்சு ஒருவேளை அதுவாக இருக்கலாம். உட்காரவைத்துக் கேளுங்கள், பதில் சொல்ல அவசரப்படாதீர்கள். அடுத்த முறை பெற்றுக்கொள்கிறேன் என்றால் விட்டுவிடலாம். இந்த வருடம் தவறினால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. உடை தைத்து, உறவுக்காரர்களைக் கூப்பிட்டு முடித்த பெற்றோருக்கு இதை எடுத்துச் சொல்வதுதான் கஷ்டம். அது பங்குத்தந்தையின் வேலை, மறைக்கல்வி டீச்சர் தலையில் கட்டக் கூடாது.