கந்தோர்க் கதிரையில் புதிதாக இருப்பவர்கள் செய்யும் தவறுகள்

நியமனக் கடிதத்தோடு வந்து சேரும்போது பிள்ளைகள் நல்ல உடம்போடுதான் வருகிறார்கள். தோட்டத்துக்கு இறைத்தவர்கள், பள்ளிக்கூட அணியில் கரப்பந்து விளையாடியவர்கள், சைக்கிளில் ரியூசனுக்குப் போனவர்கள். கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வவுனியாவிலோ ஒரு கந்தோரில் முகாமைத்துவ உதவியாளராகவோ அபிவிருத்தி உத்தியோகத்தராகவோ இருக்கத் தொடங்கி ஒரு வருடம் ஆவதற்குள் பிடரி இறுகுகிறது, நாரி நோகிறது, காற்சட்டைப் பொத்தான் பூட்ட மறுக்கிறது. பக்கத்து மேசையில் இருக்கும் மூத்தவர்கள் இருபது வருடத்துக்கு முன்பு விட்ட பிழைகளை, அதே வரிசையில் இவர்களும் விடுகிறார்கள்.

சிகரெட், வெற்றிலை, இரவில் கொத்துரொட்டி பற்றி இங்கே எழுதப்போவதில்லை. அவை கூடாது என்று எல்லாருக்கும் தெரியும். பிழை என்றே தெரியாமல் செய்கிறவைதான் ஆளை விழுத்துகின்றன.

பகல் முழுக்க இருந்துவிட்டுப் பின்னேரம் நடந்து ஈடுகட்டுவது

பின்னேர நடை கட்டாயம் வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டல், வளர்ந்தவர்களுக்குக் கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சியும், குறைந்தது இரண்டு நாள் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. இருந்தபடி கழிக்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும் என்றும் அதே வழிகாட்டலில் இருக்கிறது. அதை ஆரும் காதில் போடுவதில்லை.

அசையாமல் இருக்கும்போது தொடைத் தசைகள் இரத்தத்தில் உள்ள சீனியை எடுத்துக்கொள்வது குறைகிறது. கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்தால்தான் காலில் இருக்கும் இரத்தம் மேலே ஏறும், அதுவும் நின்றுவிடுகிறது. ஆகவே அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் எழும்புங்கள். கையை ஊன்றாமல் கதிரையில் இருந்து பத்துத் தடவை எழும்பி இருங்கள். குதிக்காலை இருபது தடவை உயர்த்துங்கள். இரண்டு கையையும் நாரியில் வைத்து ஐந்து தடவை மெதுவாகப் பின்னுக்கு வளையுங்கள். பைலை எடுத்து வர அலுவலக உதவியாளரைக் கூப்பிடாமல் நீங்களே போங்கள். தொலைபேசியில் கதைக்கும்போது நில்லுங்கள். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு மரநிழலில் பத்து நிமிடம் நடந்தால் சாப்பாட்டுக்குப் பின் சீனி ஏறும் அளவு குறையும். இரண்டு மணிக்கு வரும் தூக்கமும் கொஞ்சம் விலகும்.

மேசைக்கு ஏற்ப உடம்பை வளைப்பது

கந்தோர் மேசை பெரும்பாலும் 75 சென்ரிமீற்றர் உயரம். பிளாஸ்ரிக் கதிரையின் இருக்கை 42 சென்ரிமீற்றருக்குக் கிட்ட வரும். ஐந்தடி உயரமான ஒரு பெண் பிள்ளை அதில் இருந்தால் முழங்கை மேசை மட்டத்துக்குப் பத்து சென்ரிமீற்றர் வரை கீழே நிற்கும். கீபோட்டில் கை வைக்க நாள் முழுக்கத் தோளைத் தூக்கியே வைத்திருக்க வேண்டும். பிடரி நோவின் வேர் அனேகமாக இங்கேதான். அந்தப் பிள்ளையோ கண்ணாடி மாற்ற வேணும் என்று கண் வைத்தியரைத் தேடிப் போகும்.

முழங்கையும் கீபோட்டும் ஒரே மட்டத்துக்கு வர வேண்டும். அதற்கு 6 முதல் 8 சென்ரிமீற்றர் தடிப்புள்ள, இறுக்கமான மெத்தை ஒன்றை இருக்கையில் போடுங்கள். இருந்தவுடன் அமுங்கிப் போகும் பஞ்சு உதவாது. இப்போது கால் நிலத்தில் முட்டாது. அதே அளவு உயரமான உறுதியான பலகை ஒன்றைக் காலுக்குக் கீழே வையுங்கள். துவாயை 8 சென்ரிமீற்றர் தடிப்புக்குச் சுருட்டி, இடுப்புப்பட்டி கட்டும் இடத்துக்குச் சற்று மேலே முதுகுக்கும் கதிரைக்கும் இடையில் வையுங்கள். திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்துக்கு வர வேண்டும். 500 தாள் கொண்ட ஏ4 கட்டு ஒன்று ஏறக்குறைய 5 சென்ரிமீற்றர் தடிப்பு. இரண்டு கட்டை அடுக்கினால் அனேகம் பேருக்குச் சரிவரும். திரை கைநீட்டும் தூரத்தில் நிற்கட்டும்.

லப்ரொப்பை இப்படி உயர்த்தினால் தனிக் கீபோட் வேண்டும். இல்லாவிட்டால் கழுத்தைக் காப்பாற்றப் போய்த் தோளைக் கெடுத்ததாக முடியும்.

தண்ணீர் குடிக்காமல் இருந்துவிட்டு, நாரி நோவுக்குக் குளிசை போடுவது

இதைப் பார்க்கும்போது இன்றைக்கும் கோபம் வருகிறது. மற்றத் தவறுகளைப் பிறகு திருத்திக்கொள்ளலாம். இது சிறுநீரகத்தில் கொண்டுபோய் விடும்.

இது இப்படித்தான் தொடங்குகிறது. யாழ்ப்பாணத்தில் இருந்து கிளிநொச்சிக்கோ, வவுனியாவில் இருந்து முல்லைத்தீவுக்கோ பஸ்ஸில் வந்து போகிற பிள்ளை விடியவே தண்ணீரை நிறுத்திவிடும். "குடிச்சால் பஸ்ஸுக்குள்ள என்ன செய்யிறது அக்கா?" என்று கேட்கும். கந்தோருக்கு வந்தால் பெண்களின் மலசலகூடத்தில் கொண்டி உடைந்திருக்கும், அல்லது குழாயில் தண்ணீர் வராது, அல்லது அந்த வாசலுக்கு நேரே நாலு பேர் நிற்பார்கள். வீடு போய்ச் சேரும்வரை அடக்கிக்கொண்டே இருக்கும். மோட்டார் சைக்கிளில் கிராமம் கிராமமாகப் போகும் உத்தியோகத்தர்களுக்கும் இதே பாடுதான். பாலை மரத்துக்கும் வீரை மரத்துக்கும் இடையில் நீண்டு கிடக்கும் வீதியில் பெண்பிள்ளை எங்கே இறங்குவது?

இது வன்னி. மே மாதத்தில் இருந்து செப்ரெம்பர் வரை சோளகக் காற்று அடிக்கும்போது வியர்வை தோலில் நிற்பதில்லை, வந்த கையோடு காய்ந்துவிடுகிறது. சட்டை நனையாதபடியால் வியர்க்கவில்லை என்று நினைக்கிறார்கள். ஃபானுக்குக் கீழே இருந்தாலும் அப்படித்தான். ஏசி போட்ட வங்கிக்குள் தாகமே தெரியாது. பின்னேரம் தலையிடிக்கும், சிறுநீர் கடும் மஞ்சளாகப் போகும், மூளை மந்தமாகும். சிறுநீர் செறிந்தால் கல் உருவாகும். அடக்கி வைத்தால், முக்கியமாகப் பெண்களுக்கு, சிறுநீர்ப்பாதையில் கிருமி தொற்றும்.

இரண்டாம் பிழை இதற்கு மேலே வந்து ஏறுகிறது. நாரி நோவுக்கு பாமசியில் கேட்டு வாங்கிய டைக்ளோபினாக் அட்டை ஒன்று மேசை லாச்சிக்குள் கிடக்கும். நொந்தால் ஒன்று, அடுத்த நாளும் ஒன்று. டைக்ளோபினாக், ஐபுபுரோபன், மெபெனமிக் அசிட் எல்லாம் ஒரே குடும்பம். உடம்பில் நீர் குறைந்திருக்கும்போது சிறுநீரகத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் நுண்குழாய்களை விரித்து வைக்க புரொஸ்டகிளாண்டின் என்ற பொருள் உதவுகிறது. இந்தக் குளிசைகள் தடுப்பது அதைத்தான். நீர் வற்றிய உடம்பில் இவற்றைப் போட்டால் குழாய் சுருங்கி, சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தம் குறைந்துவிடும். பிறஷருக்கு லொசார்டன் அல்லது எனலாபிரில் எடுப்பவர்களுக்கும், சிறுநீரைக் கூட்டும் குளிசை எடுப்பவர்களுக்கும் ஆபத்து இன்னும் கூட.

"வயித்துக்கு ஒமிபிரசோலும் சேர்த்துத்தான் போடுறன், ஒண்டும் செய்யாது" என்று சொல்வார்கள். ஒமிபிரசோல் இரைப்பைக்குத்தான் காவல். சிறுநீரகத்தைக் காக்க அதால் முடியாது. இன்னொரு பிழை, இரண்டு பாமசியில் இரண்டு பெயரில் வாங்கி ஒன்றாகப் போடுவது. பெட்டியில் உள்ள கம்பனிப் பெயரைப் பார்க்காமல், கீழே சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரை வாசியுங்கள்.

வட மத்திய மாகாணத்தில் 1990களில் இருந்து கண்டறியப்பட்டுவரும், காரணம் உறுதியாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் வவுனியா மாவட்டத்திலும் இருக்கிறது. அப்படியான மண்ணில் வாழ்ந்துகொண்டு சிறுநீரகத்துக்குக் கூடுதல் சுமை ஏற்றுவது பெரிய முட்டாள்தனம். சிறுநீரகம் பாதி வேலையை இழக்கும்வரை நோவும் வராது, அறிகுறியும் காட்டாது.

செய்ய வேண்டியது இதுதான். வீட்டில் இருந்து வெளிக்கிட ஒரு மணித்தியாலத்துக்கு முன்பு 300 மில்லிலீற்றர் குடித்து, சிறுநீர் கழித்துவிட்டு பஸ் ஏறுங்கள். கந்தோருக்கு வந்தவுடன் 400 குடியுங்கள். பிறகு பத்து, பன்னிரண்டு, இரண்டு, மூன்று மணிக்கு 250 வீதம். மொத்தம் 1.7 லீற்றர், மிச்சம் வீட்டில். வெளிக்களத்துக்குப் போகும் நாளில் இன்னும் ஒரு போத்தல் கொண்டுபோங்கள். வெளிர்மஞ்சளாகச் சிறுநீர் போனால் அளவு சரி. கிணற்றுத் தண்ணீர் சவராக இருந்து குடிக்க மனமில்லாவிட்டால் வடிகட்டிச் சுத்தமாக்கிய ஆர்.ஓ. தண்ணீரைப் போத்தலில் எடுத்து வாருங்கள். சிறுநீரகமோ இருதயமோ ஏற்கெனவே பாதிக்கப்பட்டவர்கள் மட்டும் வைத்தியர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது.

நாரி நோவுக்கு முதல் மருந்து, மேலே சொன்ன மெத்தையும் துவாயும் எழும்பி நடப்பதும். நோவு தாங்காவிட்டால் 500 மில்லிகிராம் பரசிற்றமோல், ஒரு வேளைக்கு இரண்டு, நாளுக்கு எட்டுக்கு மேல் வேண்டாம். நிறை குறைந்தவர்களும் ஈரல் நோய் உள்ளவர்களும் அந்த அளவையும் வைத்தியரிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். மூன்று நாலு நாளில் குறையாவிட்டால் வைத்தியரிடம் போங்கள். கால் பலமிழந்தாலோ, இரண்டு தொடைக்கும் நடுப்பகுதி விறைத்தாலோ, சிறுநீர் மலம் கட்டுப்பாடில்லாமல் போனாலோ, நோவோடு காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பொறுப்பில் இருப்பவர்களுக்கும் ஒரு சொல். மலசலகூடக் கதவின் கொண்டியைத் திருத்தி, உள்ளே ஒரு வாளித் தண்ணீரும் மூடியுள்ள குப்பைக் கூடையும் வைத்துக் கொடுங்கள். சுகாதாரக் கருத்தரங்குக்குச் செலவழிக்கும் காசில் ஒரு துளிதான் அதற்குப் போகும். பயன் அதைவிடக் கூட.

நாரி நோகிறது என்று பாயிலேயே கிடப்பது

ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு. அதற்கு மேல் படுத்தால் நோவு மாறுவது தள்ளித்தான் போகும்.

பிளேன்ரீயை எண்ணாமல் விடுவது

கந்தோரில் பத்து மணிக்கு ஒன்று, மூன்று மணிக்கு ஒன்று, ஆரும் விருந்தாளி வந்தால் ஒன்று, வீட்டில் விடிய ஒன்று. கும்பமாக இரண்டு தேக்கரண்டி சீனி போட்டால் ஒரு கோப்பைக்கு 10 கிராம். நாலு கோப்பைக்கு 40. சேர்க்கும் சீனியை நாளுக்கு ஏறக்குறைய 25 கிராமுக்குள் வைத்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வடையும் பிஸ்கற்றும் இன்னும் கணக்கில் வரவில்லை. ஒரேயடியாக நிறுத்தினால் மூன்றாம் நாள் பழைய இடத்துக்கே வருவீர்கள். இரண்டு கிழமைக்கு ஒருமுறை அரைத் தேக்கரண்டி குறையுங்கள், நாக்குப் பழகிவிடும். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறும் தேத்தண்ணீர் குடிப்பது நல்ல வழி, துண்டு சிறிதாக இருந்தால். முழுக் கட்டியைக் கடித்தால் அதுவும் சீனிதான்.

சோற்றிலும் இதே ஏமாற்று நடக்கிறது. மொட்டைக்கறுப்பன் அரிசி நல்லது என்று இரண்டு மடங்கு போடுகிறார்கள். சாப்பாட்டுப் பெட்டியில் காற்பங்கு சோறு, காற்பங்கு மீன் அல்லது பருப்பு அல்லது முட்டை, மிச்ச அரைவாசியில் முருங்கையிலை, பயற்றங்காய், வல்லாரைச் சம்பல் என்று கட்டுங்கள்.

வயிறு குறைக்கும் பெல்ட்

வாங்க வேண்டாம். தண்ணீர்தான் வடியும், கொழுப்பு அப்படியே இருக்கும்.

பின்பொக்கற்றில் பேர்ஸ்

எடுத்து லாச்சிக்குள் வையுங்கள். ஒரு பக்கம் உயர்ந்து இருந்தால் இடுப்புச் சரியும்.

கிழமை முழுக்க இருந்துவிட்டு ஞாயிறு மைதானத்தில் பாய்வது

திணைக்களங்களுக்கிடையில் விளையாட்டுப் போட்டி அறிவித்தவுடன் பழைய கரப்பந்து வீரர்கள் எல்லாரும் எழும்புவார்கள். ஐந்து நாளும் மடங்கியே இருந்த காலின் பின்தசைகள் குறுகியிருக்கும். முதல் பந்துக்கே துள்ளினால் குதிக்காலுக்கு மேலே இருக்கும் தடித்த நார் கிழியலாம். காலில் ஆரோ அடித்ததுபோல் இருக்கும், பிறகு மாதக்கணக்கில் நடை தடைப்படும். போட்டிக்கு ஆறு கிழமைக்கு முன்பே தொடங்குங்கள். முதல் இரண்டு கிழமை வேகநடை மட்டும், 20 நிமிடத்தில் இருந்து 30க்கு. அடுத்த இரண்டில் மெல்லோட்டமும், படியின் விளிம்பில் நின்று குதிக்காலை மெதுவாகக் கீழிறக்கும் பயிற்சி பதினைந்து தடவையும். துள்ளல் கடைசி இரண்டு கிழமையில்தான்.

குளக்கட்டில் இருட்டும்வரை நடப்பது

காற்று நல்லது, பார்வைக்கும் நல்லது. ஆனால் ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கங்களில் மம்மல் பொழுது யானையின் நேரம். புடையன் பாம்பும் அப்போதுதான் வெளிக்கிடும். ஐந்து மணிக்குத் தொடங்கி ஆறே காலுக்குள் முடியுங்கள். சப்பாத்தும் ரோச் லைட்டும் இருக்கட்டும். காதில் பாட்டு வேண்டாம். யானை நடமாட்டம் இருக்கும் நாளில் பள்ளிக்கூட மைதானத்தைச் சுற்றுங்கள்.

வருத்தம் வந்த பிறகு சோதிப்பது

35 வயது தாண்டினால் அரச வைத்தியசாலையிலேயே தொற்றா நோய்களுக்கு இலவசமாகப் பார்க்கிறார்கள். பிறஷர், வெறுவயிற்றுச் சீனி இரண்டையும் வருடத்துக்கு ஒருமுறை பாருங்கள். இடுப்புச் சுற்றளவை வீட்டிலேயே அளக்கலாம்: கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை விட்ட பிறகு. ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். நோக்குளிசை அடிக்கடி போட்டவர்கள் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேற்றினினை இரத்தத்திலும், புரதத்தைச் சிறுநீரிலும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வெறுவயிறு என்றால் தண்ணீரும் கூடாது என்று நினைத்து வறண்டுபோய் இரத்தம் கொடுப்பவர்கள் நிறையப் பேர். வெறும் தண்ணீர் குடிக்கலாம். குடிக்காமல் போனால் கிரியேற்றினின் உண்மையை விடக் கூடக் காட்டக்கூடும்.