777 அடிக்க முதல்

பெரும்போக நேரம், கிளிநொச்சியில் ஒரு கமக்காரர் அமைப்புக்குப் படம் ஏற்றும் பிஎச்பி ஸ்கிரிப்ட் ஒன்று எழுதிக் கொடுத்தேன். என் லப்டொப்பில் நன்றாக ஓடியது. சேர்வரில் போட்டதும் ‘பெர்மிஷன் டினைட்’. இரவு 11 மணி, பொறுமை இல்லை. முழு போல்டருக்கும் 777, அதாவது எவரும் வாசிக்கலாம், எழுதலாம், ஓட்டலாம் என்ற அனுமதி எண்ணை, அடித்துவிட்டுப் படுத்தேன்.

ஓடியது உண்மைதான். ஆனால் அது மாடு புகுந்தால் புகட்டும் என்று வயல் வேலியைப் பிரித்துப் போட்ட வேலை. அந்தச் சேர்வரில் கணக்குள்ள எவரும் உங்கள் கோப்பை மாற்றி எழுதலாம். அப்பாச்சி என்ற வெப் சேர்வரில், ஸ்கிரிப்டை அதன் சொந்தக்காரரின் பெயரில் ஓட்டும் சூஎக்செக் வசதி உள்ள இடத்தில் இன்னும் வேடிக்கை: மற்றவர்களும் எழுதக்கூடிய சிஜிஐ ஸ்கிரிப்டை (சேர்வர் தனி நிரலாக ஓட்டுவது) அப்பாச்சி ஓட்டவே மறுத்து 500 பிழை காட்டும்.

‘நான் திறந்தால் திறக்குதே’ என்பது அடுத்த ஏமாற்று. திறப்பது நீங்கள் இல்லையே. உபுண்டு, டெபியன் லினக்ஸில் அப்பாச்சி ‘டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா’ என்ற பயனராகவே ஓடும். வேறு பயனராக ஓட்டும் சூடோ கட்டளையில் அந்தப் பெயரைக் கொடுத்து ஸ்கிரிப்டை ஓட்டிப் பாருங்கள், குட்டு வெளிப்படும்.

என்னை இரண்டு நாள் அலைத்தது வேறொன்று. கோப்பு 644 (சொந்தக்காரர் எழுதலாம், எல்லோரும் வாசிக்கலாம்), எல்லாம் சரி. ஆனாலும் எரர் லொக்கில் அதே ‘பெர்மிஷன் டினைட்’, 13ஆம் இலக்கப் பிழை. வீட்டுக் கதவு திறந்திருந்தாலும் படலை பூட்டியிருந்தால் வளவுக்குள் எப்படிப் போவது? கோப்புக்குப் போகும் வழியிலுள்ள ஒவ்வொரு போல்டரிலும் எக்ஸ், அதாவது உள்ளே நுழையும் அனுமதி வேண்டும். நான் தளத்தை என் ஹோம் போல்டருக்குள் வைத்திருந்தேன், உபுண்டு 21.04இலிருந்து புதிய பயனரின் ஹோம் 750ஆகத்தான் (வெளியார் நுழைய முடியாதபடி) உருவாகிறது. ‘நேம்ஐ’ கட்டளையை மைனஸ் எல்லுடன் அடித்தால் வழி முழுவதும் படிப்படியாக வரும், பூட்டிய படலை கண்ணில் படும். தளத்தை வார் போல்டருக்கு மாற்றினேன், சரி வந்தது.

கோபத்தில் எல்லாவற்றுக்கும் மொத்தமாக 644 அடிப்பவர்களும் உண்டு. போல்டர்களின் எக்ஸும் பறந்துவிடும், பிறகு எதுவுமே திறக்காது. போல்டருக்கு 755 (மற்றவர்கள் வாசிக்கலாம், நுழையலாம், எழுத முடியாது), கோப்புக்கு 644 என்று பிரித்துக் கொடுங்கள். படம் சேரும் ஒரு போல்டரை மட்டும் சேர்வர் பயனரின் பெயருக்கு மாற்றி, அதற்குள் பிஎச்பி ஓடாதபடி தடுத்துவிடுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் ரெட் ஹாட் குடும்பச் சேர்வர் மறுத்தால், எஸ்ஈலினக்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பு அடுக்கைச் சந்தேகியுங்கள். அதை அணைத்துவிட வேண்டாம். எல்எஸ் கட்டளையுடன் பெரிய இசட் சேர்த்தால் அது கோப்புக்கு இட்ட லேபல் தெரியும், பெரும்பாலும் லேபலைச் சரிசெய்யும் ‘ரிஸ்டோர்கொன்’ கட்டளையை அடித்தாலே போதும்.