தர்மபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து அமெரிக்கா வருபவர்களுக்கு: வேலையும் மருத்துவக் காப்பீடும்

நம் பக்கத்திலிருந்து அமெரிக்காவுக்கு வேலைக்கு வருபவர்கள், வீடு பார்ப்பதற்கும் கார் வாங்குவதற்கும் முன்பே புரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு: இங்கே வேலை செய்யும் வயதில் இருக்கும் பெரும்பாலோருக்கு மருத்துவக் காப்பீடு வேலையோடு ஒட்டியே வருகிறது. ஊரில் உடம்புக்கு முடியவில்லை என்றால் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு வாங்கி வரிசையில் உட்கார்ந்துவிடலாம். 2021 ஆகஸ்ட் 5 அன்று சூளகிரி அருகே சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தால், காவேரிப்பட்டணத்தில் இருக்கும் என் அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை வாசலுக்கே வருகிறது. அந்தப் பழக்கத்திலேயே இங்கும் இருந்துவிட்டால் கடன்தான் மிஞ்சும்.

ஓசூர் சிப்காட்டில் வேலை பார்த்தவர்களுக்கு இது பாதி புரிந்துவிடும், ஏனென்றால் இ.எஸ்.ஐ. அட்டையும் வேலையைச் சார்ந்ததுதான். ஆனால் இ.எஸ்.ஐ. 1948இல் சட்டம் போட்டு அரசே அமைத்தது. அமெரிக்க ஏற்பாடோ யாரும் திட்டமிடாமல் வளர்ந்தது. 1929இல் டல்லஸ் நகரின் பெய்லர் மருத்துவமனை, பள்ளி ஆசிரியர்களிடம் மாதம் 50 சென்ட் வாங்கிக்கொண்டு 21 நாள் உள்நோயாளி சிகிச்சைக்கு உறுதி தந்தது. 1942இல் போர்க்காலச் சம்பளக் கட்டுப்பாடு வந்தபோது, ஆள் கிடைக்காமல் திண்டாடிய நிறுவனங்கள் சம்பளத்தை உயர்த்த முடியாமல் காப்பீட்டைக் காட்டி ஆளெடுத்தன. முதலாளி கட்டும் காப்பீட்டுத் தொகைக்கு வருமான வரி இல்லை என்று 1954இல் சட்டமும் உறுதிசெய்ததும் அது வேர்பிடித்துவிட்டது. எல்லோருக்கும் தேசியக் காப்பீடு வேண்டும் என்று அதிபர் ட்ரூமன் 1945இல் கேட்டார். மருத்துவர் சங்கம் கடுமையாக எதிர்த்ததில் அது நிறைவேறவில்லை. 1965இல் முதியவர்களுக்கு மெடிக்கேரும் ஏழைகளுக்கு மெடிக்கெய்டும் வந்தன. எல்லோருக்கும் காப்பீடு தர அதிபர் கிளின்டன் காலத்தில் எடுத்த முயற்சியும் 1994இல் கைவிடப்பட்டது. 2010 மார்ச் 23 அன்று ஒபாமா கையெழுத்திட்ட சட்டம்தான் நமக்கு நேரடியாகப் பயன்படுவது: ஏற்கெனவே சர்க்கரை நோய் இருக்கிறது என்று சொல்லி இப்போது காப்பீட்டை மறுக்க முடியாது, பிள்ளைகள் 26 வயது வரை பெற்றோரின் காப்பீட்டில் இருக்கலாம், தடுப்பூசிக்கும் வருடாந்தரப் பரிசோதனைக்கும் நெட்வொர்க்கில் உள்ள, அதாவது நம் காப்பீட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துள்ள, மருத்துவரிடம் பொதுவாகக் கட்டணம் இல்லை.

ஆனாலும் வேலையோடு போட்ட முடிச்சு அவிழவில்லை. ஆகவே சேர்ந்த முதல் வாரமே நிறுவனத்தின் ஹெச்.ஆர். பிரிவில் காப்பீட்டில் சேரக் கடைசித் தேதியைக் கேட்டுப் பதிவு செய்யுங்கள். குழந்தை பிறந்தால் 30 நாளுக்குள் சேர்த்துவிடுங்கள்; தவறினால் ஆண்டுக்கு ஒருமுறை வரும் அடுத்த பதிவுக் காலம் வரை காத்திருக்க நேரலாம். வேலை போனால், 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் கோப்ரா சட்டப்படி அதே காப்பீட்டை 18 மாதம் வரை தொடரலாம், ஆனால் முதலாளி கட்டிய பங்கையும் நாமே கட்ட வேண்டும். அரசின் காப்பீட்டுச் சந்தையில் புதிதாக வாங்குவதற்கு 60 நாள் அவகாசம் உண்டு.

நான் வந்த முதல் குளிர்காலத்தில் மகனுக்கு இரவில் காய்ச்சல் ஏற, பதறிப்போய் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு ஓடினோம். 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவசரப் பிரிவு யாரையும் பார்க்காமல் திருப்பி அனுப்பக் கூடாது. ஆனால் பார்த்ததற்கு பில் வரும். பாராசிட்டமால் கொடுத்து அனுப்பிய அந்த இரவுக்கு, சில வாரங்கள் கழித்து மருத்துவமனையிலிருந்தும் மருத்துவரிடமிருந்தும் தனித்தனியே பில் வந்தது. டிடக்டிபிள், அதாவது காப்பீடு பணம் தரத் தொடங்குவதற்கு முன் ஆண்டுதோறும் நாம் கைக்காசு போட வேண்டிய தொகை, அப்போது தீர்ந்திருக்கவில்லை. முழுவதையும் நாங்களே கட்டினோம். காய்ச்சல், தையல் போன்றவற்றுக்கு அர்ஜென்ட் கேர் என்ற சிறு மருத்துவமனைகள் இருக்கின்றன; வீட்டுக்கு அருகில் உங்கள் நெட்வொர்க்கில் உள்ளது எது என்று இன்றே பார்த்துவையுங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்றால் மட்டும் எதையும் யோசிக்காமல் அவசர உதவி எண்ணான 911ஐ அழையுங்கள்.

‘இது பில் அல்ல’ என்று எழுதிய ஒரு கடிதம் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து வரும். மருத்துவமனை கேட்ட தொகை, ஒப்பந்தப்படி அனுமதித்த தொகை, உங்கள் பங்கு என்று அதில் வரிசையாக இருக்கும். அந்தக் கடைசித் தொகையும் மருத்துவமனை பில்லும் ஒத்துப்போகும் வரை பணம் கட்டாதீர்கள். ஒத்துப்போகாவிட்டால் காப்பீட்டு அட்டையின் பின்புறமுள்ள எண்ணில் பேசுங்கள்.

அப்பா அம்மாவைச் சுற்றிப்பார்க்க அழைப்பவர்கள் விமானம் ஏறுமுன்பே பயணியர் காப்பீடு எடுத்துவிட வேண்டும். அவற்றில் பல, ஏற்கெனவே உள்ள பிரஷர், சர்க்கரைக்கான வழக்கமான சிகிச்சைக்குப் பணம் தராது. ஆகையால் தங்கப்போகும் நாளெல்லாவற்றுக்கும் போதுமான மாத்திரைகளை, அட்டையைப் பிரிக்காமல், மருத்துவர் சீட்டோடு கைப்பையில் கொண்டுவரச் சொல்லுங்கள்.