வாய்ப்பேச்சில் வீடு விற்றால் செல்லுமா?

"இந்த விலைக்கு உங்களுக்கே தருகிறேன்" என்று வீட்டுக்காரர் கைகுலுக்கிவிட்டார் என்பதற்காகப் பழைய வீட்டைக் காலி செய்துவிடாதீர்கள். பல நாடுகளில் அந்தப் பேச்சு சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாது.

நில விற்பனைப் பேரம் எழுத்தில் இருந்தால்தான் வழக்குப் போடலாம் என்று இங்கிலாந்தில் 1677-லேயே சட்டம் வந்துவிட்டது. பொய்ச்சாட்சிகளின் தொல்லை அப்போது அவ்வளவு! 1989-இல் அதை இன்னும் இறுக்கினார்கள்: ஒப்பந்தம் எழுத்தில் இருந்து, இரு தரப்பும் கையெழுத்திட்டிருக்க வேண்டும். அமெரிக்க மாநிலங்களிலும் பொதுவாக எழுத்து வேண்டும். ஆனால் வாங்குபவர் பணம் கொடுத்துக் குடியேறி, வீட்டைச் செப்பனிட்டும் இருந்தால் நீதிமன்றம் சில சமயம் விதிவிலக்கு தரும்.

இந்தியாவில் வாய்மொழி ஒப்பந்தம் என்பதற்காகவே நீதிமன்றங்கள் அதை அடியோடு தள்ளுவதில்லை. சரி, நிரூபிப்பது யார்? வழக்குப் போடுபவர்தான். பணம் எவ்வளவு, எந்தச் சொத்து, எப்போது என்று எல்லாவற்றுக்கும் சாட்சி வேண்டும். அதுதான் பெரும்பாடு. எப்படியும், பதிவு செய்த விற்பனைப் பத்திரம் இல்லாமல் வீடு உங்கள் பெயருக்கு மாறாது.

முன்பணம் கொடுப்பதற்கு முன்பே சொத்து விவரம், விலை, கெடு தேதி மூன்றையும் எழுதி, இருவரும் கையெழுத்துப் போடுங்கள். பணத்தை வங்கி வழியாக அனுப்புங்கள்.