தேக்காவா, இல்லாத ஊரா? கதைக்களத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் கதை எழுதுபவர்கள் சிலர் கற்பனைப் பேட்டை ஒன்றுக்குப் பெயர் சூட்டிவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். விவரம் தப்பினாலும் யார் கேட்கப் போகிறார்கள்! கேட்பார்கள். இந்தச் சின்னத் தீவில் வாசகருக்குத் தெரியாமல் ஒரு பேட்டை ஒளிந்திருக்க வழியில்லை. என்ன பெயர் வைத்தாலும் அது வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடிப் பேட்டைதான், அதன் விதிகளும் கூடவே வந்துவிடும். 1989 முதல் வீவக புளோக்குகளில் இன விகித வரம்பு உண்டு. புளோக் முழுக்கத் தமிழர்களைக் குடிவைத்தால் இன்றைய கதை முதல் பக்கத்திலேயே படுத்துவிடும்.

நிஜ இடத்தை எடுப்பவர்கள் சறுக்குவது வேறு விஷயத்தில். இடத்தை முடிவு செய்கிறார்கள், ஆண்டை முடிவு செய்வதில்லை. கதை 1975இல் நடக்கிறது என்று வையுங்கள். காலை ஏழு மணி, இருட்டு இன்னும் பிரியவில்லை, ஓர் அம்மா லிட்டில் இந்தியாவிலுள்ள தேக்கா சந்தைக்குக் கிளம்புகிறார். இன்றைய சிங்கப்பூரில் சரி. ஆனால் 1982 பிறக்கும்போதுதான் இங்கே கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளினார்கள். அதற்கு முன் ஏழு மணிக்கெல்லாம் நன்றாக விடிந்திருக்கும். சந்தையும் அப்போது சாலைக்கு எதிர்ப்பக்கம் இருந்தது. இப்போதுள்ள கட்டடத்துக்கு வந்ததும் அதே 1982இல்தான். மீனும் கீரையும் வாங்கிக்கொண்டு திரும்பும் அவர் தன் மாடியிலேயே லிஃப்டை விட்டு இறங்குகிறாரா? அந்தக் காலத்துப் புளோக்குகள் பலவற்றில் லிஃப்ட் சில மாடிகளில் மட்டும்தான் நிற்கும். எல்லா மாடியிலும் நிற்க வைக்கும் திட்டம் 2001இல் வந்தது. கூடையோடு இரண்டு மாடி படியேற விடுங்கள். படிக்கட்டில் யாரையாவது சந்திப்பார், கதைக்கும் நல்லது.

பருவத்தை ஊரிலிருந்து கொண்டுவருவது இன்னொரு வழக்கம். மார்கழிப் பனி இங்கே இல்லை, டிசம்பர் என்றால் மழை. பகல் பொழுதும் வருடம் முழுக்க ஏறக்குறைய ஒரே அளவுதான்.

தெருப்பெயர்களை வரிசையாக அடுக்கினால் இடம் கண்முன் வந்துவிடும் என்பதும் தப்புக் கணக்கு. அது பேருந்து நிறுத்தப் பட்டியலாகத்தான் படிக்கும்.

அப்புறம், கற்பனை கட்டாயம் வேண்டிய இடம் ஒன்று உண்டு. உண்டியலில் கைவைக்கும் நிர்வாகியை நிஜக் கோயிலில் உட்கார வைக்காதீர்கள். கோயில் பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றுவது அதைவிட மோசம். வாசகர் கதையை விட்டுவிட்டு ஆள் யாரென்று துப்புத் துலக்கக் கிளம்பிவிடுவார். தெய்வம், தெரு, நிர்வாகக் குழு எல்லாவற்றையும் புதிதாக உருவாக்குங்கள். சுற்றியுள்ள சாலையும் ரயிலும் நிஜமாகவே இருக்கட்டும். ஒருவர் வீட்டுக்குள் நடக்கும் அசிங்கத்தை எழுதும்போதும் அதே முறைதான்: அவென்யூ நிஜம், புளோக் எண் கற்பனை. அந்த எண்ணில் உண்மையிலேயே புளோக் இருக்கிறதா என்று ஒன்மேப் இணைய வரைபடத்தில் ஒருமுறை தட்டிப் பார்த்துவிடுங்கள்.