பழைய வண்டி ஏசிக்கு 134ஏ கேஸ் மாத்துதீங்களா, ஆயிலையும் டிரையரையும் விட்ராதீங்க

அண்ணாச்சிமாரே, வீட்ல பழைய கான்டெஸாவோ 90கள்ல வந்த ஏசி மாருதியோ நிக்கும், குளிர வைக்குத ஆர்12 கேஸ் கெடைக்கலன்னு ஏசிய போடாமலே ஓட்டிட்டிருப்பீங்க. ஓசோன அரிக்குதுன்னு அந்த கேஸ் தயாரிப்ப இங்க 2008லயே நிறுத்தியாச்சு. அதுக்கு பதிலா வந்த 134ஏ கேஸுக்கு தாராளமா மாத்தலாம், ஆனா அரைமணி நேரத்துல கேஸ மட்டும் ஏத்தி அனுப்புத கடைப்பக்கம் போயிராதீங்க.

ஏன்னா உள்ள கெடக்க பழைய மினரல் ஆயில் 134ஏல கரையாது, கேஸ் மட்டும் சுத்தி வரும், ஆயில் எவாப்பரேட்டர்லயே (உள்ள காத்த குளிர வைக்குத பாகம்) தங்கிரும், கேஸ அழுத்தி ஓட்டுத கம்ப்ரஸர் எண்ணெயில்லாம தேஞ்சு ஜாமாயிரும்.

மொதல்ல மிச்ச ஆர்12 கேஸ மெஷின்ல எடுக்கச் சொல்லுங்க, காத்துல விடக்கூடாது. அப்புறம் கம்ப்ரஸர கழத்தி தலகீழா கவுத்து கிளட்ச கையால சுத்தி ஆயில வடிங்க, கண்டென்சர் (வண்டி முன்னால சூட்ட வெளிய விடுத பாகம்) எவாப்பரேட்டர் ரெண்டையும் ஃப்ளஷ் திரவம் விட்டு கழுவி நைட்ரஜன் அடிச்சு காய வைங்க, மண்ணெண்ணெய் பெட்ரோல் எதுவும் வேண்டாம். ஜாயின்ட்ல உள்ள ஓ ரிங் (ரப்பர் வளையம்) எல்லாமே புதுசு, 134ஏவுக்கு உள்ளதா கேட்டு வாங்கி புது ஆயில் தடவி மாட்டுங்க. உள்ள உள்ள ஈரத்த உறிஞ்சுத டப்பாதான் டிரையர், அத கட்டாயம் மாத்தணும், அதோட மூடிய கடைசி நிமிசத்துல தான் தொறக்கணும், காத்துல உள்ள ஈரத்த அது உறிஞ்சிரும். ஆயிலுக்கு எஸ்டர் நல்லது, கொஞ்சம் மினரல் மிச்சமிருந்தாலும் தாங்கும். கேஸ் ஏத்துத சார்ஜிங் வாய் ரெண்டுக்கும் 134ஏ அடாப்டர் போடணும்.

உள்ள உள்ள காத்தையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்க வேக்கம் பம்ப் முக்கா மணி நேரமாவது ஓடட்டும், பொறவு பம்ப நிறுத்தி அரைமணி நேரம் கேஜ் முள்ளையே கவனிங்க, நகந்தா எங்கயோ லீக்கு.

கேஸ எடை போட்டுதான் ஏத்தணும். பழைய அளவுல 80லருந்து 85 சதவீதம், 900 கிராம் பிடிச்ச வண்டிக்கு 720 கிராம்ல ஆரம்பிச்சா போதும். டிரையர் கண்ணாடில குமிழி மறையுத வரைக்கும் ஏத்துவாங்கல்லா, அது ஆர்12 பழக்கம், 134ஏல அப்படி ஏத்துனா ஓவராயிரும். ஹை சைடு (கம்ப்ரஸர்லருந்து கேஸ் வெளிய வருத பக்கம்) அழுத்தம் 300 பிஎஸ்ஐ தாண்டுனா உடனே நிறுத்துங்க. கையுறை, கண்ணாடி போடாம ஹோஸ தொடாதீங்க, தெறிச்சா தோல் உறைஞ்சிரும். செலவு கம்மின்னு சமையல் கேஸ் ஏத்தச் சொல்லுதவங்க பேச்ச கேக்கவே கேக்காதீங்க, லீக்காச்சுன்னா வண்டியே பத்திக்கிடும்.

நம்ம திருநெல்வேலி சித்திரை வெயில்ல வண்ணார்பேட்டை சிக்னல்ல நிக்கும்போது தான் இந்த கேஸ் தெணறும், கண்டென்சர் முன்னால எக்ஸ்ட்ரா ஃபேன் ஒண்ணு போட்ருங்க, உவரி பக்கத்து வண்டின்னா உப்புக்காத்துல கண்டென்சர் அரிச்சிருக்கான்னு முதல்லயே பாத்துக்கோங்க. வேல முடிஞ்சதும் பானெட்டுக்கு உள்பக்கம் எந்த கேஸ், எத்தன கிராம், என்ன ஆயில், என்னைக்கு மாத்துனதுன்னு ஸ்டிக்கர் ஒட்டுங்க, அடுத்து தொடுத மெக்கானிக் மாத்தி ஏத்தாம இருப்பாரு.